மருத்துவ அறிக்கையில் ‘அனோரெக்சியா’ இருந்தால் மனநோயா?

“டாக்டர் ரிப்போர்ட்டில் அனோரெக்சியா என்று எழுதியிருந்தால், நோயாளிக்கு மனநோய் என்று அர்த்தம், ஒல்லியாக ஆசைப்பட்டுப் பட்டினி கிடப்பவர்களுக்காக உருவான சொல் அது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அனோரெக்சியா என்றால் பசியின்மை, அவ்வளவுதான். கிரேக்கத்தில் ‘ஒரெக்சிஸ்’ என்பது விருப்பம், பசி. முன்னால் வரும் ‘அன்’ இல்லாமையைக் குறிக்கும். மஞ்சள் காமாலை, காசநோய், சிறுநீரகக் கோளாறு, கீமோதெரபி என எதனாலும் பசி குறையலாம். அதைத்தான் மருத்துவர் ஒற்றைச் சொல்லில் குறிக்கிறார்.

செய்தி குழப்பிக்கொண்டது ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற, உணவைத் தவிர்க்கவைக்கும் மனநோயோடு. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-இல் வாசித்து, அடுத்த ஆண்டு அச்சான கட்டுரையில் வைத்த பெயர் அது. பசியின்மையைக் குறிக்கும் சொல் அதற்கும் முன்பே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், நெர்வோசா உள்ளவர்கள் பலருக்குப் பசி இருக்கும்; எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் அடக்கிக்கொள்வார்கள். அப்புறம், அதுவும் சிகிச்சை தேவைப்படும் நோய்தான், கேலிக்குரியது அல்ல.

சந்தேகமிருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பைப் பாருங்கள், இணையத்திலேயே இருக்கிறது. பசியின்மைக்கு ஆர்63.0, நெர்வோசாவுக்கு எஃப்50.0 என்ற குறியீடுகளோடு இரண்டும் தனித்தனி அத்தியாயங்களில் உள்ளன.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் இந்தச் சொல் இருந்தால், பசி ஏன் குறைந்தது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.