அந்தக் கை நடுங்கத்தான் செய்யும்

எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பில் போன் வைத்திருக்கிற எல்லாரும் பார்த்தாயிற்று. மாணவத் தாதிப் பிள்ளை கனுலா (மருந்து ஏற்ற நரம்புக்குள் விடும் சின்னக் குழாய்) போடப்போகிறாள், கை நடுங்குகிறது, நோயாளியின் மகன் போனை நீட்டிக்கொண்டு "படிச்சிட்டுத்தான் வந்தீங்களா?" என்கிறார். கீழே சிரிப்புப் பொம்மைகள்.

படித்துவிட்டுத்தான் வந்தாள் ஐயா. ரப்பர் கையில் குத்திப் பழகியும் இருப்பாள். ரப்பர் கை கத்தாது, அதன் நரம்பு உருளாது. வயதான அம்மாவின் நரம்பு கயிறு மாதிரித் தெரியும், ஊசி பட்டதும் நழுவும். இடது பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியை நன்றாகச் சாய்த்து விட வேண்டும். எவ்வளவு இழுப்பது, எவ்வளவு சாய்ப்பது என்பது பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தந்தால்தான் கைக்கு வரும்.

அந்த வீடியோவில் பக்கத்தில் யார் நின்றார்? ஒருவரும் இல்லை. அதை யாரும் கேட்கவில்லையே!

நான் தாதிக்குப் படிக்கும்போது என் முதல் குத்து பிழையாகிவிட்டது. வாகரைப் பக்கத்து அம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்த மிஸ் ஊசியைப் பறிக்கவில்லை. "கையில் கட்டின பட்டியை அவிழ். மற்றக் கையில் தடவிப் பார், அவசரப்படாதே" என்றார். அந்த அம்மாவும் "பயப்படாத மனே, இன்னொருக்காப் பாரு" என்றார். இரண்டாம் குத்தில் ஊசி சரியாக நரம்பில் இறங்கி, ரத்தம் ஒரு சொட்டு கனுலாவுக்குள் ஏறி வந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்தச் சொட்டு என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் வேலைக்குப் போன இடத்தில் (பேர் வேண்டாம்) மூன்றாம் வாரமே நைட் டியூட்டி. ஏதாவது கேட்டால் "மூன்று வருசம் என்ன படிச்சீங்க?" மார்லின் கிராமர் என்ற அமெரிக்கத் தாதி படிப்பு முடித்து வேலைக்கு வரும் புதுத் தாதிக்கு விழும் இந்த அதிர்ச்சியைப் பற்றி 1974-லேயே எழுதிவிட்டார். 1984-இல் பட்ரீசியா பென்னர் என்ற இன்னொரு அமெரிக்கத் தாதி, ஒரே மாதிரிச் சூழலில் இரண்டு மூன்று வருசம் வேலை செய்தால்தான் ஒரு தாதி தேர்ச்சிக்கு வருவார் என்றார். நாம் மூன்று வாரம் கொடுக்கிறோம்.

"எங்கட அம்மா என்ன சோதனை எலியா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதனால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிறேன்.

"வார்ட்டில் ஆள் பற்றாக்குறை, எங்களுக்கு எங்கே நேரம்?" என்று என்னோடு வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். உண்மைதான், மறுக்க மாட்டேன். தரையில் பாய் விரித்துப் படுத்த நோயாளிகளையும் பார்த்தவள்தான் நான். ஆனால் நடு வார்ட்டில் வைத்து ஏசுவதற்கு மட்டும் நேரம் கிடைக்கிறதே, அது எப்படி?

"நாங்களும் ஏச்சு வாங்கித்தான் படிச்சோம்." சரி, அதனால் என்ன? வாங்கியதை வட்டியோடு கொடுக்க வேண்டுமா? எத்தனை பிள்ளைகள் மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வருகிறார்கள் தெரியுமா? நான் அழுதிருக்கிறேன். பிறகு வெளியே வந்தால் "நேர்ஸ்மாருக்குச் சிரிக்கத் தெரியாது" என்று நீங்கள் பதிவு போடுவீர்கள்.

பெரிய நியாயம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வாரம் நானே ஒரு பிள்ளையிடம் "இதுகூடத் தெரியாதா?" என்று பாய்ந்தேன். அவள் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனாள். டியூட்டி முடிந்து பஸ் கல்லடிப் பாலம் ஏறும்போதுதான் யோசித்தேன், அவளுடைய பேரைக்கூட நான் கேட்கவில்லை.