பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஆட்டத்தின் நடுவே நடந்ததா?

ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, வில்லமெட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி ஹொனலூலு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது என்று ஒரு தகவல் பரவுகிறது. அது தவறு. ஆட்டம் முந்தைய நாளே, 1941 டிசம்பர் 6 சனிக்கிழமையே முடிந்துவிட்டது; ஹவாய் பல்கலைக்கழகம் 20-6 என்று வென்றது. தாக்குதல் தொடங்கியது ஞாயிறு காலை, எட்டு மணிக்குச் சற்று முன்பு.

இந்த மாணவர்களின் கதைக்கு ஒப்பனையே வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து ஆட வந்தவர்கள், தாக்குதலுக்குப் பிறகு ஹொனலூலுவின் வைக்கீக்கி கடற்கரையில் முள்கம்பி கட்டினார்கள். பழைய துப்பாக்கிகளை ஏந்திப் புனாஹோ பள்ளி வளாகத்தைக் காவல் காத்தார்கள். பிறகு, காயமடைந்தோரை ஏற்றிய பிரெசிடென்ட் கூலிட்ஜ் கப்பலில், வழியெல்லாம் அவர்களுக்குப் பணிவிடை செய்தபடி, கிறிஸ்துமஸ் நாளில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார்கள்.