மிச்சம் 48 நிமிடம்

இன்றைக்கு என் ப்ரொடக்டிவிட்டி, அதாவது வேலை நேரத்தில் சிகிச்சைக்கென்று பதிவான பங்கு, 81 சதவீதமாம். மதியம் சாப்பிட உட்காரும்போதே மேலிடத்திலிருந்து மெசேஜ் வந்துவிட்டது, ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு. அங்கே இரண்டே வரியில் பதில் போட்டுவிட்டேன். மனசு ஆறவில்லை, அதனால் முழு விளக்கத்தையும் இங்கே கொட்டுகிறேன்.

நான் அமெரிக்காவில் ஒரு நர்சிங் ஹோமில் (நம்மூர் சின்ன ஆஸ்பத்திரி இல்லை, முதியவர்களும் நோயாளிகளும் தங்கிப் பராமரிப்பு பெறும் இடம்) ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டன்ட். நம் ஆட்களிடம் சொன்னால் "ஓ, பிசியோவா?" என்பார்கள், இல்லாவிட்டால் வேலை வாங்கிக் கொடுக்கிற ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் இல்லை. பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், இப்படிப்பட்டவர்கள் மறுபடியும் தாங்களே பல் துலக்கி, குளித்து, சட்டை மாட்டி, பாத்ரூம் போய்வரப் பழக்குவதுதான் என் வேலை. நோயாளியைப் பரிசோதித்துத் திட்டம் போடுவது தெரபிஸ்ட், அதை நாள்தோறும் பக்கத்தில் நின்று செய்யவைப்பது நான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 8 மணி நேர வேலை என்றால் 480 நிமிடம். எங்களிடம் கேட்பது 90 சதவீதம். அதாவது 432 நிமிடம் சிகிச்சை கொடுத்ததாகப் பதிவாகியிருக்க வேண்டும், மிச்சம் 48 நிமிடம். ஒரு நாளைக்குப் பத்து பேரைப் பார்க்கிறேன். ஒருவருக்கு என்ன செய்தேன் என்று எழுதுகிற நோட்டுக்கு 5 நிமிடம் என்று வைத்தால்கூட 50 நிமிடம் ஆகிவிடுகிறது, நான் இன்னும் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடக்கவே ஆரம்பிக்கவில்லை! நர்ஸிடம் ரத்த அழுத்தம் விசாரிப்பது, சக்கர நாற்காலியின் கால்தாங்கி எங்கே போனது என்று மூன்று அறைகளில் தேடுவது (தினமும் யாருடையதாவது ஒன்று காணாமல் போகும்), "இப்போ வேண்டாம், அப்புறம் வா" என்று சொன்னவரிடம் மூன்றாவது முறை போய் நிற்பது, மகள் வந்து "அம்மா எப்ப வீட்டுக்கு வருவாங்க" என்று அழும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இவை எதுவும் அந்த 432-க்குள் வராது. நான் பாத்ரூம் போவதும் அந்த 48-க்குள்தான்.

இதற்கு நிர்வாகத்தின் கையில் ஒரு வழி இருக்கிறது. நோயாளி பக்கத்தில் இருக்கும்போதே டேப்லெட்டில் எழுதிவிடு என்கிறார்கள். காலை 7 மணிக்கு நான் பார்க்கிற பாட்டிக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பலவீனமான கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் நிற்பதில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு நான் இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுத்தால் சாய்ந்துவிடுவார். இவரை விட்டுவிட்டு நான் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? நானே மாட்டிவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சிஎன்ஏக்கள், அதாவது நர்ஸ் உதவியாளர்கள், அப்படித்தான் செய்வார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்கள் தலையில் இருக்கிற அறைகளின் எண்ணிக்கை அப்படி. ஆனால் நானும் மாட்டிவிட்டால் அது சிகிச்சையே இல்லை. அவர் தடுமாறுகிற அந்த இருபது நிமிடம்தான் சிகிச்சை. இன்று இரண்டு பட்டனைத் தானே போட்டார். நடுவில் டாய்லெட் போக வேண்டும் என்றார். உட்காரவும் எழவும் பழக்குவது கணக்கில் வரும், அவர் முடிக்கும்வரை கதவோரம் காத்திருப்பது வராது. வராது என்பதற்காக அவரை அவசரப்படுத்த என்னால் முடியாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த நிமிடக் கணக்கு ஒருநாளும் நோயாளிக்காக இருந்ததில்லை. 2019 செப்டம்பர் வரை மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தெரபி நிமிடங்களை வைத்து நர்சிங் ஹோமுக்குப் பணம் கொடுத்தது. ஒரு நோயாளிக்கு வாரம் 720 நிமிடம் தொட்டால் மேல்படி ரேட். அப்போது காய்ச்சலோடு சுருண்டு படுத்திருந்த தாத்தாவிடம்கூட "எப்படியாவது நிமிடத்தை முடி" என்று என்னை அனுப்பினார்கள். 2019 அக்டோபர் 1 முதல் பிடிபிஎம் என்ற புதிய கட்டண முறை வந்தது, நோயாளியின் உடல்நிலையை வைத்துத்தான் பணம், நிமிடத்தை வைத்து இல்லை. உடனே என்ன ஆயிற்று? எங்கள் இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள், மணி நேரத்தை வெட்டினார்கள், சிகிச்சையில் 25 சதவீதம்வரை நோயாளிகளைக் குழுவாகப் பார்க்கலாம் என்ற அனுமதியை "பார்த்தே ஆக வேண்டும்" என்று மாற்றினார்கள். இடுப்பு ஆபரேஷன் ஆனவரையும் மறதி நோய்க்காரரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? நேற்றுவரை ஒருவருக்கு அத்தனை நிமிடம் தேவைப்பட்டது, இன்று திடீரென்று தேவையில்லையாம். ஆனால் என் 90 சதவீதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

போதாததற்கு 2022 ஜனவரி முதல், மெடிகேரின் ஒரு பிரிவான பார்ட் பி-யில் வருகிற நோயாளிக்கு அசிஸ்டன்ட் கொடுக்கிற சிகிச்சைக்கு மெடிகேர் 85 சதவீதம்தான் தருகிறது. அதே பாட்டி, அதே கட்டில், அதே பட்டன். செய்தது நான் என்பதால் 15 சதவீதம் கம்மி. அந்த வெட்டை நிறுவனம் எங்கே சரிக்கட்டும்? எங்கள் நிமிடங்களில்தான்.

அதனால்தான் பாதிப் பேர் வேலை முடிந்தது என்று பஞ்ச் அவுட் செய்துவிட்டு உட்கார்ந்து நோட் எழுதுகிறார்கள். நானும் நாலு வருஷம் செய்தேன், வீட்டில் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்திருக்கிறேன். அது சம்பளம் இல்லாத உழைப்பு. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவரிடம் அப்படி வேலை வாங்குவது இந்த நாட்டுச் சட்டப்படியே தப்பு. "செய்" என்று யாரும் எழுத்தில் தர மாட்டார்கள், எண்ணை மட்டும் அனுப்புவார்கள், மிச்சத்தை நாமே பயந்துபோய்ச் செய்வோம். நான் நிறுத்திவிட்டேன். என் 81 அதனால் வந்த 81.

இரண்டு வருஷப் படிப்பும் 16 வாரப் பயிற்சியும் முடித்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால், இன்டர்வியூவில் சம்பளம் கேட்பதற்கு முன்னால் இந்த ப்ரொடக்டிவிட்டி எண்ணைக் கேளுங்கள். நோட் எழுத நேரம் தனியாகத் தருவீர்களா, வாரத்தில் எத்தனை குழு, ஆள் வரவில்லையென்றால் அவர் நோயாளிகளை யார் பார்ப்பது என்று கேளுங்கள். "டீம் வொர்க்" என்று மழுப்பினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.