வில்லனைப் புரியவைப்பது வேறு, நியாயப்படுத்துவது வேறு

“பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடர்களில் தப்பு செய்தவனுக்குத் தண்டனையே கிடையாது, கெட்டவனைத்தான் ஹீரோவாக்குகிறார்கள்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2014 முதல் 2020 வரை வந்த ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரையே பாருங்கள். நாயகன் போஜாக், ஒரு நடிகன், தன்னை நம்பியவர்களைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துகிறான். கடைசியில் சிறைக்குப் போகிறான். அதைவிட முக்கியமானது ஐந்தாம் சீசன். கதைக்குள் தான் நடித்த ஒரு தொடரைப் பார்த்தால் ‘நாம் எல்லோருமே மோசம்தான், அதனால் பரவாயில்லை’ என்று தோன்றுகிறது என்கிறான் போஜாக். அந்தத் தொடருக்கு எழுதிய டயானுக்கு இதைக் கேட்டு மனம் பதறிவிடுகிறது. சுற்றும் குற்றச்சாட்டை ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரே 2018-இல் எழுப்பிவிட்டது!

சரி, ‘ஆர்கேன்’ அனிமேஷன் தொடரின் வில்லன் சில்கோ? தான் எடுத்து வளர்க்கும் ஜின்க்ஸ் என்ற பெண்ணைத் தன் மகளாகவே நேசிக்கிறான். அந்தப் பாசம் நம்மை உருக்குகிறது, உண்மைதான். ஆனால் அவன் பரப்பும் ஷிம்மர் என்ற போதைப்பொருள் மக்களை எப்படிச் சிதைக்கிறது என்பதையும் அதே தொடர் மறைக்காமல் காட்டுகிறது. முதல் சீசன் முடிவில் அந்த மகளின் கையாலேயே சாகிறான்.

எல்லாத் தொடரும் இப்படி என்று சொல்லவில்லை. வன்முறையை வெறும் வேடிக்கையாக்குபவையும் உண்டு. அவற்றைப் பெயர் சொல்லி விமர்சியுங்கள்.