அந்த முழங்கை யார் கணக்கில்?

2023 டிசம்பர் 8. கலிஃபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்குப் போன ஒரு தனியார் விமானத்தை ஆயிரக்கணக்கான பேர் வரைபடத்தில் துரத்திக்கொண்டிருந்தார்கள். பந்து வீசவும் அடிக்கவும் செய்கிற பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓதானி உள்ளே இருக்கிறார், டொராண்டோ அணியான ப்ளூ ஜேஸுக்குக் கையெழுத்துப் போடப் போகிறார் என்று பேச்சு. இறங்கி வந்தவர் கனடாத் தொழிலதிபர் ஒருவர். மறுநாள் ஓதானியே இன்ஸ்டாகிராமில் போட்டார்: லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். 10 ஆண்டு, 70 கோடி டாலர். அதே செப்டம்பரில்தான் அவருக்கு முழங்கையில் அறுவை நடந்திருந்தது. 2024-இல் ஒரு பந்துகூட வீசமாட்டார் என்று தெரிந்தேதான் அந்த அணி பணத்தை எடுத்து வைத்தது. அதைப் பேச ஆளில்லை, விமானத்தைப் பேசத்தான் கூட்டம்.

பேஸ்பால் சீசன் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடும் பேசக்கூடிய ஆட்டக்காரர்) வதந்திகள் ஆரம்பித்தால் எல்லோரும் தொகையை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள். பேட்டருக்கு அது ஓரளவு சரி. பந்து வீசும் பிட்சருக்கு நான் முதலில் தேடுவது வேறு: முழங்கை போனால் நஷ்டம் யார் தலையில்?

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் ஒப்பந்தத்தில் எழுதிய பணம் பொதுவாக உத்தரவாதம். காயம்பட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் சம்பளம் வரும். வாஷிங்டன் நேஷனல்ஸ் 2019 டிசம்பரில் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 7 ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு அவர் ஆடியது 8 ஆட்டம், வீசியது 31 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் (இங்கே மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ்). வகுத்துப் பார்த்தால் இன்னிங்ஸுக்கு 78 லட்சம் டாலர். 2022 டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஜேக்கப் டிக்ராமுக்கு 5 ஆண்டுக்கு 18.5 கோடி கொடுத்தது. ஆறே ஆட்டம், அடுத்த ஜூனில் டாமி ஜான் அறுவை. முழங்கையின் உள்பக்கத் தசைநாருக்குப் பதில் வேறொரு நாரை வைத்துக் கட்டுவது அது. மறுபடி வீச ஒரு வருஷத்துக்குக் குறையாது, பல பேருக்கு ஒன்றரை வருஷமும் ஆகும்.

"உடன்பாடு ஆகிவிட்டது" என்று செய்தி வந்தாலும் பட்டாசு வெடிக்காதீர்கள். மருத்துவப் பரிசோதனை பாக்கி. தோள், முழங்கை எம்ஆர்ஐ படத்தை அணி மருத்துவர் பார்த்துத் தலையசைக்கணும். ஜெஃப் ஹாஃப்மனுக்கு பால்டிமோர் சுமார் 4 கோடி பேசியதாகவும், தோள் படத்தைப் பார்த்துப் பின்வாங்கியதாகவும் செய்தி வந்தது. கடைசியில் 2025 ஜனவரியில் டொராண்டோவில் 3 ஆண்டுக்கு 3.3 கோடிக்கு முடித்தார். ஒரே படத்தை ஒரு மருத்துவர் வேண்டாம் என்பார், இன்னொருவர் விலையைக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம் என்பார். எளிய சோதனை ஒன்று: அணி வைத்திருக்கக்கூடிய 40 ஆட்டக்காரர் பட்டியல் நிரம்பிவிட்டால், யாரையாவது நீக்கினால்தான் புதியவரைச் சேர்க்க முடியும். அந்த நீக்கம் வரும்வரை அது செய்திதான், ஒப்பந்தம் ஆகவில்லை. "மூன்று அணிகள் ஆர்வம் காட்டுகின்றன" என்பதெல்லாம் அதற்கும் கீழே. ஒரு போன் போட்டு விசாரித்தாலே ஆர்வம்தான். பெயர் சொல்லாத "மர்ம அணி" என்றால், விலையை ஏற்ற ஏஜென்ட் அவிழ்த்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன்.

பலர் தவறாகப் படிக்கும் இடம் ஆப்ட்-அவுட். பாதியில் விலகிக்கொள்ளும் உரிமை. "ரெண்டு வருஷத்தில் போய்விடுவான், அணிக்கு நல்லதுதானே" என்கிறார்கள். இல்லை. நன்றாக வீசினால் அவர் கிளம்பிவிடுவார், கை போனால் மட்டும் அணியிலேயே தங்குவார். லாபம் அவருக்கு, முழங்கை அணிக்கு. கார்பின் பர்ன்ஸ் அரிசோனாவோடு போட்டது 6 ஆண்டு, 21 கோடி. 2026 முடிந்ததும் விலகலாம். 2025 ஜூனில் டாமி ஜான். மீதிக் கதையை நீங்களே யூகிக்கலாம்.

கெரிட் கோல் விஷயம் இன்னும் சுவாரசியம். நியூயார்க் யாங்கீஸோடு 9 ஆண்டு, 32.4 கோடி. 2024 சீசன் முடிந்ததும் விலகுகிறேன் என்று அறிவித்தார். 3.6 கோடிக்கு இன்னொரு ஆண்டு சேர்த்து அவரை நிறுத்திக்கொள்ள அணிக்கு வழி இருந்தது. சேர்க்கவில்லை. அவரும் பேசிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த நான்கு ஆண்டுக்கே, 14.4 கோடிக்கே திரும்பினார். நான்கே மாதத்தில், 2025 மார்ச்சில், முழங்கை அறுவை. அந்த ஐந்தாவது ஆண்டைக் கொடுக்காத யாங்கீஸ் நிர்வாகத்தை அன்று கஞ்சன் என்று திட்டியவர்களை இன்று காணோம்.

முழங்கைக்கென்றே தனி ஷரத்து எழுதுவதும் உண்டு. யோஷினொபு யமமோட்டோவின் 12 ஆண்டு, 32.5 கோடி ஒப்பந்தத்தில் விலகும் வாய்ப்பு 2029-க்குப் பிறகும் 2031-க்குப் பிறகும். 2024 முதல் 2029-க்குள் டாமி ஜான் ஆனாலோ, முழங்கைக் காயத்தால் தொடர்ந்து 134 நாள் காயப் பட்டியலில் கிடந்தாலோ, அது 2031, 2033 என்று தள்ளிப்போகும்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த வகையில் கெட்டிக்கார ஷரத்து பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2009 டிசம்பரில் எழுதியதுதான். ஜான் லாக்கிக்கு 5 ஆண்டு, 8.25 கோடி. அவர் முழங்கையில் ஏற்கெனவே சந்தேகம் இருந்ததால் ஒரு வரி சேர்த்தார்கள்: அந்தப் பழைய காயத்தால் நீண்ட நாள் ஆடாமல் போனால், ஆறாவது ஆண்டு லீகின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே. 2012 முழுக்க அறுவையால் போனது. ஷரத்து விழித்துக்கொண்டது. 2014 நடுவில் அவரை வாங்கிய செயின்ட் லூயிஸுக்கு அந்த மலிவு ஆண்டும் சேர்ந்தே கிடைத்தது. 2015-இல் அடிப்படைச் சம்பளம் 5,07,500 டாலர், வீசியது 218 இன்னிங்ஸ்.

இப்படி ஒரு வரி இருக்கிறதா, ஆப்ட்-அவுட் எந்த ஆண்டில், எவ்வளவு சம்பளத்தைப் பிற்காலத்தில் தருவதாகத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் தலைப்புச் செய்தி ஓய்ந்து சில நாள் கழித்தே வெளியே வரும். அதுவரை "நல்ல டீலா, மோசமான டீலா" என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.