யானை மூச்சு விடுவதைக் கேட்க விடுங்கள்

நேற்று இரவு ரிவியில் தமிழில் குரல் கொடுத்த ஆவணப்படம். யானைக் கூட்டம் ஒன்று ஏரியை நீந்திக் கடக்கிறது. கல்லோயாவில் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்துத் தீவுகளுக்கும் யானைகள் இப்படித்தான் நீந்திப் போகும் என்பதால் ஆசையாக உட்கார்ந்தேன்.

ஆனால் அறிவிப்பாளர் ஒரு நொடிகூட ஓயவில்லை. "ஆஹா! அதிசயம்! குட்டி நீந்துகிறது!" அது எங்களுக்கும் தெரிகிறதே ஐயா! தும்பிக்கையைக் குழாய் மாதிரி மேலே நீட்டி மூச்சு விடுவதையும், மனிதக் காதுக்கு எட்டாத, 20 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியில் அவை பேசிக்கொள்வதையும் அல்லவா சொல்ல வேண்டும்? அதில் ஒரு வரிகூட இல்லை. பின்னணியில் சண்டைப்பட இசை வேறு.

1979 இல் ஒளிபரப்பான இயற்கை ஆவணத் தொடரில், ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களுக்கு நடுவில் இருந்து அதன் அறிவிப்பாளர் டேவிட் அட்டன்பரோ கிசுகிசுத்த குரலில்தான் பேசினார். அந்த அடக்கம் வேண்டும். மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கு அடியில் இருந்து ஒலிக்கும் 'பாடும் மீனை'க் கேட்கப் போனால் தோணிக்காரர் என்ன செய்வார்? துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைக்கச் சொல்லிவிட்டு, பேசாமல் இருப்பார்.

கடைசியில் அம்மம்மாவே கேட்டுவிட்டார்: "இவன் கொஞ்சம் வாயப் பொத்த மாட்டானா மனே?" சத்தத்தை நிறுத்திவிட்டு மீதியைப் பார்த்தோம்.