தரங்கம்பாடியில ஒண்ணுமே இல்லையாமே!

“ஏங்க, இங்க பார்க்க ஒண்ணுமே இல்லையே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?”

சொல்லிட்டாங்க. இந்த வெள்ளிக்கிழமையும் ஒரு வேன் வந்து, கோட்டை வாசல்ல நின்னு, அதே வசனத்தைச் சொல்லிட்டுக் கெளம்பிடுச்சு. மே மாசம். மத்தியானம் பன்னிரண்டே கால். வேன் முழுக்க பட்டுப்புடவை, பட்டு வேட்டி. மேல சொல்லவே வேணாம், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்: திருக்கடையூர் அறுபதாம் கல்யாண வேன்.

மாயவரம், பொறையார், காரைக்கால் பக்கம் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனா வயிறு எரியுதே, விளக்கத்தான் போறேன்.

விடிகாலையில எழுப்பி, கோ பூஜை, கஜ பூஜை, ஹோமம், கலச அபிஷேகம். மாமா மாமி தலையில எல்லாரும் தண்ணி ஊத்தி, மாலை மாத்தி, தாலி கட்டி, பத்து மணிக்குள்ள சுபம். பத்தரைக்கு இலை போட்டாச்சு. வடை பாயசம் சாப்பிட்டு, வெத்தலை மென்னுக்கிட்டு வேன்ல ஏறினதும் பின் சீட்லேர்ந்து ஒரு மச்சான் குரல் வரும் பாருங்க: “பக்கத்துலதான் தரங்கம்பாடி. ஏழெட்டு கிலோமீட்டர். ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்.” ஒரு ரவுண்டாம்! 1620-ல டென்மார்க் கப்பல் தளபதி ஓவே யெட்டே இலங்கையில கால் ஊன்றப் போய், அது நடக்காம, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டுக் கட்டின கோட்டை, நம்ம மச்சானுக்கு ஒரு ரவுண்டு.

சரி, வந்தாங்க. ஊருக்குள்ள நுழையற இடத்துலயே ஒரு வாசல் நிக்குது, வெள்ளையா, மேல டேனிஷ் ராஜாவோட முத்திரையோட. 1792-ல கட்டினது. வேன் அதுக்கு அடியிலதான் பூந்து போவுது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் தலை நிமிர்ந்தாங்களா? இல்ல. எல்லார் கையிலயும் போன், போன்ல காலையில எடுத்த தாலி கட்டுற வீடியோ. உள்ள ராஜா வீதியில ஒரு பக்கம் 1701-ல கட்டின சீயோன் ஆலயமா, இன்னொரு பக்கம் 1718-ல கட்டின புது எருசலேம் ஆலயமா, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடக்கமான இடமா, எதுவும் கண்ணுல படல. டிரைவர் நேரா கடலைப் பார்த்து விட்டான். கோட்டைக்கு முன்னால மைதானத்துல நிறுத்தினான். எல்லாரும் இறங்கினாங்க. பெரிய பூட்டு.

இங்கதான் முழு நாடகம். முதல்ல மச்சான் பூட்டை ஆட்டிப் பார்த்தாரு. பூட்டுன பூட்டு ஆட்டினா தொறந்துக்குமோ? அடுத்து சித்தப்பா வந்து ஆட்டினாரு. அப்புறம் மாலையோட மாப்பிள்ளை மாமாவே வந்து, வயசுக்கு மரியாதை குடுத்து பூட்டு தொறந்துடும்னு நெனச்சாரோ என்னமோ, அவரும் ஆட்டினாரு. “யாருப்பா உள்ள?”னு ஒரு சத்தம். அங்க நிழல்ல உக்காந்திருந்த பெரியவர், “இன்னிக்கு வெள்ளிக்கிழமை லீவுங்க”ன்னாரு. “என்னது, வெள்ளிக்கிழமை லீவா? எந்த ஊர்ல இப்படி உண்டு?” எந்த ஊர்லயா? சென்னையில உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற எழும்பூர் அருங்காட்சியகத்துலயே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அங்கயும் போனதில்லைங்கிறது இப்ப தெரிஞ்சுபோச்சு. அடுத்தது பேரம்: “நாங்க ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம், அஞ்சே நிமிஷம்.” அடுத்தது மிரட்டல்: “கலெக்டர் ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு.” அடுத்தது தத்துவம்: “கவர்மெண்டுன்னா இப்படித்தான்.” மாமாவோட ஜென்ம நட்சத்திரம் வெள்ளிக்கிழமையில விழுந்தது யார் குத்தமும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா வர்ற வழியில பெட்ரோல் பங்க்ல கேட்டிருந்தாலே சொல்லியிருப்பான்.

பூட்டோட பதினோரு போட்டோ எடுத்தாங்க. பீரங்கி மேல பொடிசுங்களை ஏத்தினாங்க. மே மாச நடுப்பகல்ல இரும்புல உக்கார வெச்சா என்ன ஆகும்? அலறல். அந்த அலறலோட எல்லாரும் கடற்கரைக்கு நடை. செருப்பு வேன்ல. மணல்ல நாலு எட்டு வெச்சதும் அத்தனை பேரும் பரதநாட்டியம்.

“கடல் காத்தே இல்லையே!” எப்படி இருக்கும்? கோடையில காலை பூரா நிலத்துலேர்ந்து மேல்காத்து கடலைப் பார்த்துத்தான் அடிக்கும். மண்ணு நல்லா காய்ஞ்சு, அதுக்கு மேல இருக்கிற காத்து சூடேறி எழும்பினாத்தான் கடல்லேர்ந்து குளிர்ந்த காத்து உள்ள வரும். மேல்காத்து பலமா இருந்தா அது வந்து சேர இன்னும் நேரமாகும். மத்தியானத்துக்கு அப்புறம் வாங்கன்னு ஊரே சொல்றது சும்மா இல்ல. பன்னிரண்டு மணிக்கு வந்து காத்து எங்கன்னா, வந்துக்கிட்டு இருக்கு, வழியில இருக்கு.

உடனே ஒரு சித்தி, “ஓசோன் இங்க அதிகமாம், நல்லா மூச்சை இழுத்து விடுங்க”ன்னு எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாங்க. இந்த ஓசோன் கதைக்கு யாராவது ஒரு முற்றுப்புள்ளி வைங்களேன். ஓசோன் நம்மளைக் காப்பாத்துறது வானத்துல, இருபது முப்பது கிலோமீட்டர் உசரத்துல. மூக்குக்குப் பக்கத்துல வந்தா அது நுரையீரலை எரிக்கிற வாயு. வண்டிப் புகை மேல வெயில் பட்டா உண்டாகுமே, அதுதான். கடலோரத்துல நீங்க மோந்து பார்த்து “ஆஹா”ங்கறது கடல்ல இருக்கிற நுண்பாசி விடுற கந்தக வாயு வாசனை. காத்து சுத்தமா இருக்குன்னு சொல்லுங்க, போதும். அதுக்கு எதுக்கு ஒரு ரசாயனப் பேரு?

அப்புறம் பசி. ஆமா, இப்பத்தான் வடை பாயசம் முடிச்சவங்களுக்கு. “பீச்சுல பஜ்ஜி கடை நிறைய இருக்கும்னு சொன்னாங்களே?” இருக்கும் தாயே, சாயங்காலம் நாலரைக்கு மேல. பகல்ல கூட்டமும் கிடையாது, அடிக்கிற வெயில்ல அடுப்புகிட்ட நிக்க ஆளும் கிடையாது. சாயங்காலம் வந்தாலும் எல்லாக் கடையிலயும் கை நீட்டாதீங்க. மூணு பக்கமும் தகரம் வெச்சு மறைச்சிருக்கானா பாருங்க. மறைப்பு இல்லைன்னா கடல் காத்துல அடுப்பு ஜ்வாலை ஒரு பக்கமா சாயும், எண்ணெய்ச் சூடு இறங்கும், சூடு இறங்கின எண்ணெயில விழுந்த பஜ்ஜி எண்ணெயைக் குடிச்சிட்டு வரும். பேப்பர்ல வெச்சுப் பிழிஞ்சா வண்டிக்கே ஊத்தலாம். கடலை மாவு நாலு பங்குக்கு அரிசி மாவு ஒரு பங்கு, கரைச்சு ரொம்ப நேரம் வைக்காம உடனே போட்டவன்கிட்ட வாங்கினா மொறுமொறுப்பு நிக்கும். காலையிலேயே கரைச்சு எடுத்துட்டு வந்த மாவுன்னா, ஆறினதும் ரப்பர்.

மீனு இன்னொரு கொடுமை. “வஞ்சிரம் இருக்கா?” மே மாசம்! ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரமா போய்ப் பிடிச்சுட்டு வர்றதுதான் பச்சை மீன். மத்தி, நெத்திலி, சங்கரான்னு கிடைச்சதைத் தின்னா அமிர்தம். இல்ல, வஞ்சிரந்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா எங்கேயோ ஐஸ்ல எத்தனையோ நாள் படுத்துக் கிடந்த வஞ்சிரத்துக்குச் செகப்பு மசாலா பூசி உங்க தட்டுல வெப்பான். செவுள் செகப்பா இருக்கா, கண்ணு முட்டிக்கிட்டு இருக்கா, வயித்துல விரல் வெச்சு அமுக்கினா பள்ளம் விழாம திரும்புதான்னு பார்க்கணும். மசாலா தடவின பிறகு பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? கல்லு ஓரத்துல கருகின மசாலா மண்டி சேர்ந்திருக்கான்னு பாருங்க. இருந்தா, நகர்ந்துடுங்க.

இவ்வளவுக்கும் நடுவுல மச்சானும் அவரோட கூட்டாளிகளும் வேன் பக்கத்துல தனியா நின்னு தெக்கு திசையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கோட்டையும் வேணாம், கடலும் வேணாம். பொறையார் தாண்டி நண்டலாறு, நண்டலாறு தாண்டினா காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசம், சரக்கு விலை கம்மி. அந்த ஒரு ரவுண்டுக்கு அர்த்தம் இப்பப் புரியுதா? திரும்பி வர்றப்ப சோதனைச்சாவடியில சீட்டுக்கு அடியில கைய விட்டுத் தேடுவாங்க, அப்ப மாமாவோட மாலையும் காப்பாத்தாது.

மொத்தம் முப்பது நிமிஷம். குடிச்ச கப்பையும் குழந்தையோட டயபரையும் மணல்லயே விட்டுட்டு (2019 ஜனவரியிலேர்ந்து தடைன்னு சொல்ற பிளாஸ்டிக் கப்புதான், வேற என்ன), வேன் கதவைச் சாத்திக்கிட்டுச் சொன்ன வசனம்தான் முதல் வரியில இருக்கு.

ஒண்ணுமே இல்லையாம். கோட்டைக்குக் கொஞ்சம் வடக்க மாசிலாமணிநாதர் கோயில், 1306-ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல வந்தது, டேனிஷ்காரன் வர்றதுக்கு முன்னூறு வருஷம் முந்தி. பாதியைக் கடல் தின்னுடுச்சு. இப்ப பாறாங்கல்லு கொட்டி மீதியைக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. (அந்தக் கல்லு மேல பாசி. அதுல ஏறி நின்னு செல்ஃபி எடுக்கிறவங்களுக்குத் தனியா ஒரு குமுறல் இருக்கு, இன்னொரு நாள்.) தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்ச ஊரு இது. ஜெர்மனியில ஹாலேயிலேர்ந்து வந்த அச்செழுத்து பெருசா இருந்து காகிதத்தை விழுங்கினதால, இங்கேயே சின்னதா வார்த்துக்கிட்டாங்க. காகிதத்துக்குப் பொறையார்ல பட்டறை போட்டாங்க. கடுதாசிப்பட்டறைங்கிற பேரு இன்னிக்கும் நிக்குது. கண்ணுக்குத் தெரியலைன்னா, இல்லைன்னு அர்த்தமா?

அமைதியா இருக்குன்னு வேற குறை. 1845-ல டேனிஷ்காரன் இதையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயன்கிட்ட வித்துட்டுப் போனான். 1861-ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துச்சு, சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அன்னிக்கு அடங்கின ஊரு. அதனாலதான் அந்தத் தெருவெல்லாம் இடிக்காம மிஞ்சியிருக்கு. நடக்கத்தான் அந்த ஊரு.

எப்படி வரணும்னு இதுக்கு மேலயும் கேக்கறீங்களா? வெள்ளி வேணாம். மாயவரத்துலேர்ந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியா காரைக்கால் போற பஸ்ல ஏறி, தரங்கம்பாடி மெயின் ரோட்டுல இறங்குங்க. அங்கேர்ந்து கடலுக்கு ஒரு கிலோமீட்டர் சுமார், நடக்கலாம். மூணரைக்கு வந்து முதல்ல கோட்டை. சாயங்காலம் ஆறுக்கு முன்னாடியே பூட்டிடுவாங்க, அதனால கடலை அப்புறம் பாருங்க, அது பூட்டாது. கீழ வளைவுக் கூரை போட்ட அறைங்களைப் பார்க்காம மாடிக்கு ஓடாதீங்க. அப்புறம் தெரு, அப்புறம் பஜ்ஜி. ராத்திரி தங்குங்க. மே மாசம் ஆறுக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடும், கரையில வலை பிரிக்கிறதைப் பார்க்கலாம். ஆராதனை நடக்கிறப்ப கேமராவோட ஆலயத்துக்குள்ள நுழையாதீங்க. கடல்ல கணுக்காலுக்கு மேல இறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி.

ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் வந்தா இன்னொண்ணு. அது பங்குனி ஆமை முட்டையிட கரையேறுற காலம். ராத்திரியில கார் ஹெட்லைட்டைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுப் பாட்டு வைக்கிற மகராசனுங்களே, தாய் ஆமை திரும்பிப் போயிடும். பொரிச்ச குஞ்சு வெளிச்சம் எங்கயோ அங்க போகும், கடலை விட்டுட்டு ரோட்டுக்கு வரும்.

அப்புறம் “ஒரே நாள்ல பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை” திட்டக்காரங்க. பிச்சாவரம் வடக்க, கோடியக்கரை தெக்க, நடுவுல நூத்தம்பது கிலோமீட்டர் சுமார். பிச்சாவரத்துல தண்ணி வத்தியிருந்தா குறுகலான வாய்க்காலுக்குள்ள படகு போகாது. கோடியக்கரையில பூநாரை பார்க்க மார்கழி, தை வேணும். சித்திரையில போய் “பறவையே இல்லையே”ன்னா, அது என்ன உங்க வீட்டுக் கோழியா?

ரயிலாவது இருந்திருந்தா இந்த வேன் தொல்லை பாதி குறைஞ்சிருக்கும். 1926-ல மாயவரம் தரங்கம்பாடி லைன் போட்டான், 1986-ல மூடினான். தேர்தலுக்குத் தேர்தல் திரும்ப வருது, பேச்சுல மட்டும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பட்டாணி சுண்டல் தெரியும்ல? முந்தின ராத்திரி ஊறப்போட்ட காய்ஞ்ச பட்டாணி, உப்புப் போட்டு மலர மலர வேக வெச்சது. கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, தேங்காய்ப் பூவும் கிளிமூக்கு மாங்காயும் பொடிசா நறுக்கிப் போட்டு, பொட்டலம். இதுல கை வைக்க என்ன இருக்கு? இப்ப ஒரு தம்பி கலர் லைட்டு போட்ட வண்டி கொண்டாந்து, அதே பட்டாணி மேல ஸ்வீட் கார்ன் கொட்டி, மயோனீஸ் பிழிஞ்சு, சீஸ் துருவிப் போட்டு, பிளாஸ்டிக் கரண்டி குத்தி அறுபது ரூபாய்ங்கறான். பேரு என்னடான்னு கேட்டா “டேனிஷ் சுண்டல்ணே”ங்கறான்.

ஓவே யெட்டே திரும்பி வந்தா இதுக்காகவே கோட்டையை இன்னொரு தடவை வித்துட்டுப் போவான். அதைவிடக் கொடுமை, மாங்காய் எங்கடான்னா, “அது எக்ஸ்ட்ரா டாப்பிங்ணே, பத்து ரூபா.”